தலையணைக்கு வெயில் காட்டும் ஊர்

இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில் தலையணை மரத்தில் காய்க்கிறது. மிளகுக் கொடி, கொக்கோ, சாதிக்காய், பலா எல்லாம் கலந்து வளரும் வீட்டுத் தோட்டங்களில், மற்ற மரங்களுக்கு மேலே தலை நீட்டி நிற்பது இலவ மரம். சிங்களத்தில் அதற்குக் ‘கொட்ட புளுன்’ என்று பெயர். ‘கொட்ட’ என்றால் தலையணை, ‘புளுன்’ என்றால் பஞ்சு, பயன்தான் பெயராகியிருக்கிறது. தமிழில் ‘இலவு காத்த கிளி’ என்ற பழமொழியில் வருவது உள்நாட்டு முள்ளிலவு, சிவப்புப் பூ பூப்பது. தலையணைக்குப் பெரும்பாலும் போவது வெள்ளைப் பூ பூக்கும் வேறோர் இலவு. அதன் பூர்வீகம் அமெரிக்க வெப்ப நாடுகளும் மேற்கு ஆபிரிக்காவும். இரண்டின் காயும் முற்றி வெடித்தால் உள்ளே பழச்சதை கிடையாது, பஞ்சுதான். கிளி ஏமாந்த அந்த இடத்தில்தான் வீட்டுக்காரர்கள் சாக்கோடு காத்திருப்பார்கள்.

இந்தப் பஞ்சைச் சுத்தமாக வைத்திருக்கும் முறை மற்றத் தலையணைகளுக்குச் சரிவராது. மற்றவற்றின் முறை இதற்கும் சரிவராது. இலவம்பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளீடற்ற ஒரு நுண்குழாய். இழையின் பெரும்பகுதி காற்றுத்தான். மேலே மெழுகு போன்ற பூச்சு இருக்கிறது. ஒரு கைப்பிடிப் பஞ்சின் மேல் தண்ணீர் ஒரு துளி விட்டால், சேப்பங்கிழங்கு இலையில் நிற்பது போல உருண்டு நிற்கும். அந்தக் காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு மேலங்கிகளில் இதை அடைத்ததற்கு அதுதான் காரணம். ஆனால் சவர்க்காரம் கலந்த தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கினால் கதை வேறு. மெழுகுப் பூச்சு கழன்று, குழாய்கள் நசுங்கி, பஞ்சு கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். காய்ந்த பிறகும் பழைய மென்மை திரும்பாது. நடுவில் தங்கிய ஈரம் மூன்று நாள் வெயிலிலும் போகாமல் புளித்த நாற்றம் எடுக்கும். இலவம்பஞ்சுத் தலையணையை முழுதாக வாளியில் அமுக்கித் துவைப்பது அதைக் கொல்வதற்குச் சமம்.

தலையணை எப்படி அழுக்காகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. வெளித்தூசியால் அழுக்காவது கொஞ்சம்தான். தலை எண்ணெய், வியர்வை, எச்சில், முகத்தோலின் கொழுப்பு, உதிரும் தோல் செதில் ஆகியவையே இரவு இரவாக இறங்குகின்றன. உறையைக் கழற்றினால் உள்ளே தெரியும் பழுப்பு மஞ்சள் வட்டங்கள் இவற்றின் கூட்டு. தமிழ் வீடுகளில் இதில் முதலிடம் தேங்காய் எண்ணெய்க்குத்தான். அது சுமார் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். றத்தோட்டைக்கு மேலே மார்கழி, தை மாதக் காலைகளில் போத்தலுக்குள் எண்ணெய் வெள்ளையாகக் கட்டிப்பட்டு நிற்பதை அங்குள்ளவர்கள் நன்றாக அறிவார்கள். அதே எண்ணெய் தலையணை உறையின் நூலிலும் அப்படித்தான் கட்டிப்பட்டு நிற்கிறது. பீலித் தண்ணீரில் எவ்வளவு அடித்துத் துவைத்தாலும் வாடை போகாததற்கு இதுதான் காரணம். உறையின் எண்ணெய்ப் பகுதியில் சவர்க்காரத்தை நேரடியாகத் தேய்த்து, அரை மணி நேரம் விட்டு, கை பொறுக்கும் அளவு சுடுநீரில் அலசினால் பிசுக்கு விட்டுப்போகும். குளிர்ந்த நீரில் மூன்று முறை துவைப்பதைவிட இந்த ஒரு முறை மேல்.

எண்ணெயும் செதிலும் கண்ணுக்குத் தெரியாத சில உயிர்களுக்குச் சாப்பாடு. அவற்றுள் முக்கியமானது தூசி உண்ணி. அரை மில்லிமீற்றர்கூட இல்லாத, எட்டுக் கால் கொண்ட பூச்சி. மனிதத் தோலின் செதிலைத் தின்று வாழும். கடிக்காது, இரத்தம் குடிக்காது. இதன் கழிவுதான் தும்மலுக்கும், மூக்கடைப்புக்கும், இழுப்புக்கும் ஒரு பெரிய காரணம். வீட்டுத் தூசியின் ஒவ்வாமைக்கு இந்த உண்ணியே மூலம் என்பதை நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் 1964இல் காட்டினார்கள். தூசி உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை. தனக்கு வேண்டிய ஈரத்தைக் காற்றிலிருந்து உடம்பால் உறிஞ்சிக்கொள்கிறது. காற்றின் ஈரப்பதன் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கி அப்படியே நீடித்தால் அது வற்றிச் சாகும். மாத்தளையில் இயற்கையாக அவ்வளவு வறண்ட இரவு கிடைப்பது அரிது.

பூஞ்சணத்தின் கதையும் இதே ஈரத்தின் கதைதான். பிரித்தானியாவின் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல், ஒன்றரை வருடம் முதல் 20 வருடம் வரை பாவிக்கப்பட்ட பத்துத் தலையணைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் 4 முதல் 16 வகை வரை பூஞ்சணம் இருந்தது. இறகு அடைத்தவற்றைவிடச் செயற்கை நார் அடைத்தவற்றில் வகைகள் அதிகம். குளிர் நாட்டிலேயே இந்த நிலை. நக்கிள்ஸ் மலையடிவாரத்தில், லயத்துக் காம்பராவில், ஐப்பசி தொடங்கித் தை வரை விடாமல் பெய்யும் மழையில், ஒரே சுவரோடு ஒட்டிக் கிடக்கும் தலையணையின் நிலையை யோசித்துப் பார்க்கலாம். அங்கே சன்னல் ஒன்றுதான் இருக்கும், குளிருக்கு அதையும் அடைத்திருப்பார்கள். மாலையில் கொழுந்து மலையிலிருந்தோ றப்பர்த் தோட்டத்திலிருந்தோ வந்து தலைக்குக் குளித்துவிட்டு, முடி காய்வதற்குள் களைப்பில் படுத்துவிடும் பெண்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் அழுக்கைப் பற்றிப் போதிப்பதில் பயனில்லை. ஈரமுடியோடு படுக்க வேண்டி வந்தால் தலையணைமேல் ஒரு துவாயை விரித்துக்கொண்டு, காலையில் அந்தத் துவாயையும் உறையையும் தனித்தனியே கொடியில் போட்டுவிடுவது அவர்களால் முடிந்த, உண்மையில் உதவுகிற காரியம்.

ஆக, வேலையின் மையம் உலர்த்துவது. இதை மாத்தளைக்காரருக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, ஏனென்றால் மிளகு காயவைக்காத வீடு அங்கே குறைவு. மேலே கறுத்துச் சுருங்கினால் மிளகு காய்ந்துவிட்டதாக எந்தச் சம்சாரியும் நம்பமாட்டார். உள் ஈரம் ஏறத்தாழ 12 சதவீதத்துக்கு இறங்காமல் மூட்டை கட்டினால் ஒரு மாதத்தில் வெள்ளைப் பூஞ்சணம் பூத்து, கடைக்காரர் விலையைக் குறைத்துவிடுவார். அதனால் பல்லில் கடித்துப் பார்ப்பார்கள், கையில் அள்ளிச் சத்தம் கேட்பார்கள். தலையணைக்கும் அந்தக் கவனம் வேண்டும். மேல்துணி சூடாக இருக்கும், நடுப்பஞ்சு ஈரமாக இருக்கும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே தலையணையை அழுத்திப் பிடித்து, ஒரு நிமிடம் வைத்திருந்து, கன்னத்தில் ஒற்றிப் பார்த்தால் குளிர்ச்சி தெரியும். குளிர்ந்தால் இன்னும் காயவில்லை.

வெயில் காட்டும் நேரம் காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் இரண்டு, மூன்று மணி வரை. பனி விலகுவதற்கு முன்னால் வெளியே வைத்தால் தலையணை ஈரத்தை வாங்கிக்கொள்ளும். மாலை வரை விட்டாலும் அப்படியே. உறையைக் கழற்றி, மிளகுப் பாயிலோ கற்பாறையிலோ தகரக் கூரையிலோ வைத்து, நடுவில் ஒருமுறை புரட்ட வேண்டும். அவுஸ்திரேலியாவில் 1994இல் வெளியான ஓர் ஆய்வு, கம்பளங்களைக் கடும் வெயிலில் சில மணி நேரம் போட்டால் தூசி உண்ணிகள் முழுவதுமே இறந்துவிடுவதைக் காட்டியது. கம்பளம் மெல்லியது, தலையணை தடித்தது. அதனால் தலையணையின் நடுவிலும் அதே பலன் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. வெயில் பூச்சியைக் கொன்றாலும் அதன் கழிவை அகற்றாது. அதனால் எடுத்து உள்ளே கொண்டுபோகும் முன், வீட்டுக்கு வெளியே, காற்று அடிக்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்று, பிரம்பால் நாலு பக்கமும் தட்ட வேண்டும். இழுப்பு உள்ளவர் இந்த வேலையைச் செய்யக் கூடாது. தட்டிய சூட்டோடு உறைக்குள் திணிக்காமல், நிழலில் ஆறவிட்டுப் போடுவது நல்லது.

மாவட்டம் முழுவதற்கும் ஒரே நாட்காட்டி கிடையாது. தம்புள்ளை, கலேவெல பக்கம் வைகாசி கழிந்தால் மாதக்கணக்கில் வறண்ட காற்று வீசும்; தலையணை ஒரே நாளில் காய்ந்துவிடும். மாத்தளை நகரைத் தாண்டி உக்குவெல, எல்கடுவ என்று ஏறினால் மேகம் எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. இரு பக்கத்துக்கும் பொதுவான நல்ல காலம் பங்குனி, சித்திரை. ஏப்ரல் 5 முதல் 15 வரையான நாட்களில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கும். பின்னேரம் இடியோடு மழை வரலாம், ஆனால் காலை வெயில் உறுதி. இலவங்காய் வெடிப்பதும், புத்தாண்டுக்கு வீட்டைக் கழுவிச் சுத்தம் செய்வதும் அந்தப் பருவத்தில்தான் வருகின்றன. பஞ்சுத் தலையணையைப் பிரித்துப் புதுப்பிக்க அதைவிடப் பொருத்தமான காலம் இல்லை.

பிரிக்கும் வேலை பொறுமையானது. தையலின் ஒரு பக்கத்தை மட்டும் பிரித்தால் போதும். உள்ளே கையை விட்டால் முதலில் தட்டுப்படுவது கட்டிகள். அவற்றுள் மிளகு அளவில் கறுத்த விதைகள். விதை எடுக்காத மலிவான பஞ்சில் இவை நிறைய இருக்கும். எண்ணெய் நிறைந்த விதை என்பதால் எலியும் பூச்சியும் வருவது இதைத் தேடித்தான். காற்றில் பஞ்சைப் பிரித்தால் அரை மணியில் முற்றமெல்லாம் பறந்து மூக்கிலும் கண்ணிலும் ஏறும். பழைய நுளம்பு வலை ஒன்று இருந்தால் சிரமம் பாதியாகக் குறையும். பஞ்சை வலைக்குள் கொட்டி, வாயைக் கட்டி, பாயில் பரப்பி வெயிலில் வைத்து, மெல்லிய குச்சியால் வலையோடு சேர்த்துத் தட்டினால் தூசி கண்ணறைகள் வழியே உதிரும், பஞ்சு உள்ளேயே துள்ளும். கட்டி அவிழ்ந்து, விதை கனத்தால் அடியில் சேரும். விதை அதிகமென்றால், தயிர் கடைவது போல, குறுக்குக் குச்சி கட்டிய கோலை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிப் பஞ்சைக் கடைவது பழைய வழக்கம். மூக்கை ஒரு துணியால் கட்டிக்கொள்ளாமல் இதில் இறங்கக் கூடாது. வெறுமையான மேல்துணியைக் கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு பஞ்சை அடைத்துத் தைக்கலாம். இழை உடைந்து தூளாகப் போனதைக் கழித்துவிட்டுப் புதுப்பஞ்சு கொஞ்சம் சேர்த்தால், அதே தலையணை இன்னும் ஓரிரு வருடம் தாங்கும்.

மழைக்காலத்தில் ஈரமான பஞ்சுத் தலையணையை அடுப்புப் பக்கத்தில் சாய்த்து வைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அது ஆபத்தானது. இலவம்பஞ்சு மிக எளிதில் தீப்பற்றும். ஒரு பொறி போதும். அடுப்படி வேண்டாம், காற்றோட்டமுள்ள இஸ்தோப்பில் கயிற்றில் தொங்கவிட்டு வெயில் வரும் நாள்வரை காத்திருக்கலாம்.

இப்போது கடைகளில் அதிகம் விற்பது செயற்கை நார் அடைத்த ஃபைபர் தலையணை. இதைத் துவைக்கலாம், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை துவைக்கவும் வேண்டும். வாஷிங் மெஷின் இருந்தால் எடை இரு பக்கமும் சமமாக நிற்க இரண்டைச் சேர்த்துப் போடுவது நல்லது. கையால் என்றால் பெரிய பேசினில் சுடுநீர் ஊற்றி, சலவைத்தூளைக் குறைத்துப் போட்டு, அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும். முறுக்கிப் பிழிந்தால் நார் ஒரு மூலையில் திரண்டுவிடும். உண்ணிகள் சாக 55, 60 பாகை சூடு தேவை. கை பொறுக்கும் சூட்டில் அவை பெரும்பாலும் தப்பிக்கும், ஆனால் அவற்றின் கழிவு கரைந்து போய்விடும். அதுவே பெரிய பலன். தண்ணீரின் தன்மையையும் கவனிக்க வேண்டும். தம்புள்ளைப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் நீர் கடினமானது. கட்டிச் சவர்க்காரம் நுரைக்காமல், சாம்பல் நிறக் கசடாகத் துணியில் ஒட்டும். அங்கே சலவைத்தூளே ஏற்றது. மலைநீர் மென்மையானது, கொஞ்சம் போட்டாலே நுரை பொங்கும், அலசி முடியாது. தலையணைக்குள் தங்கிய நுரை அழுக்கை இன்னும் இழுக்கும். எந்த ஊரானாலும் நுரை வராத வரை அலசித்தான் ஆக வேண்டும். இரண்டு முழு நாள் வெயில் நிச்சயம் இல்லாவிட்டால் அந்த வாரம் துவைப்பதைத் தள்ளிவைப்பதே சரி. பாதி காய்ந்த தலையணையைவிட அழுக்குத் தலையணை பரவாயில்லை.

மஞ்சள் கறைக்குக் குளோரின் பிளீச் ஊற்றுவது பலரின் முதல் யோசனை. வியர்வைக் கறையை அது சில சமயம் இன்னும் மஞ்சளாக்கும். பிளீச்சோடு தேசிக்காய், வினாகிரி போன்ற புளிப்பு எதையும் கலக்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும். அப்பச்சோடா தூவித் தட்டுவது வாடையைக் கொஞ்சம் குறைக்கும், அழுக்கை எடுக்காது.

றப்பர்ப் பாலில் செய்த லேற்றெக்ஸ் தலையணைக்கு முறை தலைகீழ். அதற்கு வெயிலே எதிரி. மாத்தளையின் றப்பர்த் தோட்டங்களில் ஷீட்டைப் புகைக்கூட்டில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். கடும் வெயிலில் கிடந்தால் பிசுபிசுத்துக் கெடும் என்பது அங்குள்ள எல்லோருக்கும் தெரியும். தலையணையாக வந்த பிறகும் அது அதே றப்பர்தான். வெயிலில் வைத்தால் மஞ்சளித்து, விளிம்பு பொடிப்பொடியாக உதிரும். மெஷினிலும் போடக் கூடாது. நனைந்தால் தன் கனத்திலேயே கிழியும். அழுக்குப் பட்ட இடத்தை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காற்றாட வைத்தால் போதும்.

எந்தத் தலையணையானாலும் வேலையைக் குறைப்பது உறைதான். ஓர் உறை போதாது, இரண்டு வேண்டும். உள்ளே நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் சிப் வைத்துத் தைத்த உள்ளுறை, மேலே வழக்கமான உறை. ஊர்த் தையற்கடையிலேயே தைத்துக்கொள்ளலாம். மேலுறையை வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும், எண்ணெய் வைத்துப் படுப்பவருக்கு நான்கு நாளுக்கு ஒருமுறை. உள்ளுறைக்கு மாதம் ஒருமுறை போதும். பொலித்தீன் உறை உண்ணியைத் தடுக்கும், ஆனால் இந்தச் சூட்டில் வியர்வை அதற்குள்ளேயே நின்று நாறும்.

நோய் வந்த வீட்டில் கணக்கு மாறும். கண் நோய் வந்தவரின் உறையை நாள்தோறும் மாற்றி, சுடுநீரில் தனியாகத் துவைக்க வேண்டும். அவர் தலையணையை வேறு யாரும் எடுக்கக் கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பேன் வந்தால் பலர் தலையணையையே எரித்துவிடப் பார்ப்பார்கள். தலையை விட்டு விழுந்த பேன் இரண்டு நாளுக்கு மேல் உயிரோடு இருப்பது அரிது; உறையைச் சுடுநீரில் துவைத்தால் போதும், பஞ்சில் அது குடியிருப்பதில்லை. சிரங்கு உண்ணியும் உடம்பை விட்டால் சில நாட்களில் சாகும். துவைக்க முடியாத தலையணையைப் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கிவைத்தால் தீர்ந்தது, ஆனால் வீட்டார் எல்லோரும் ஒரே நேரத்தில் மருந்து பூசாமல் அது திரும்பி வரும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தலையணையே தேவையில்லை. தலை உருண்டையாக வரும் என்று வைக்கும் கடுகுத் தலையணையும் அதில் அடக்கம். மூச்சு முட்டும் ஆபத்து அதில் இருக்கிறது.

விருந்தாளிக்கென்று அலுமாரியில் வைக்கும் தலையணைகளைப் பலரும் பொலித்தீனில் சுற்றிப் பூச்சி உருண்டை போட்டு வைக்கிறார்கள். நன்றாகக் காயவைத்து, பழைய பருத்திச் சேலையில் சுற்றி, சுவரில் ஒட்டாமல் வைத்தால் உருண்டைக்கு வேலை இல்லை. நெப்தலீன் உருண்டையின் வாடை பிறவியிலேயே ஒரு நொதிக் குறை உள்ள பச்சைக் குழந்தைகளின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். கைக்குழந்தை உள்ள வீட்டில் அது படுக்கைக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது.

ஃபைபர் தலையணையை இரண்டாக மடித்துக் கையை எடுத்தால் அது விரிந்து எழ வேண்டும். எழாமல் மடிந்தே கிடந்தால் அதன் ஆயுள் முடிந்தது. பெரும்பாலும் இரண்டு வருடத்தில் அந்த நாள் வந்துவிடும். அதைப் பிள்ளைகளின் மெத்தையிலோ நாற்காலித் திண்டிலோ அடைத்தால் பூஞ்சணமும் சேர்ந்தே போகும். எரித்தால் நச்சுப் புகை வரும். பிரதேச சபையின் குப்பை வண்டிக்குத்தான் அது. இலவம்பஞ்சு மடிப்புச் சோதனைக்கு நிற்காது. அதைக் கையில் எடுத்துக் கசக்கினால் மினுமினுப்பு இல்லாமல் தூளாகக் கொட்டினால் கழிக்க வேண்டிய நேரம். குழி வெட்டிப் போட்டு, நனைத்து, மேலே சாணமும் இலைதழையும் மூடினால் மெதுவாக மக்கி மிளகுக் கொடிக்கு எருவாகும். விதைகளை முதலில் பொறுக்கி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு அந்தக் குழியிலிருந்து இலவங்கன்றுகள் எழும்பும்.